நூலகப் பட்டியலில் பொருள் தலைப்புகளைப் பார்வையிடும் முறை

தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தைப் பற்றி ஒரு நூலகத்தில் என்னென்ன நூல்கள் உள்ளன என்று அறிய விரும்பும் ஒருவர், கணினிப் பட்டியலின் தேடல் பெட்டியில் ‘ஏரி’ என்றோ, ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்றோ தட்டிப் பார்ப்பது இயல்பு. அப்படித் தேடும்போது, அந்தச் சொல்லைத் தம் பெயரில் கொண்டிருக்கும் நூல்களே பெரும்பாலும் திரையில் வரும். கண்மாய், குடிமராமத்து, நீர் மேலாண்மை, மதகு, மடை என்று வேறு சொற்களைப் பெயரில் தாங்கிய நூல்கள், அதே பொருளைத்தான் பேசுகின்றன என்றாலும், அவர் கண்ணில் படாமலே போய்விடும். ஆசிரியர்கள் தத்தம் விருப்பப்படி நூலுக்குப் பெயரிடுகிறார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் முன்கூட்டி ஊகிப்பது எந்த வாசகராலும் ஆகாது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காகவே பொருள் தலைப்பு என்ற ஏற்பாடு உருவானது. நூலைப் பட்டியலிடுபவர், அது எதைப் பற்றியது என்று ஆராய்ந்து, முன்பே வரையறுக்கப்பட்ட ஒரு சொல்லையோ தொடரையோ அதற்கு இடுகிறார். நூலின் பெயர் எதுவாக இருந்தாலும், அது எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் அனைத்துக்கும் அதே தலைப்பே இடப்படுகிறது. வாசகர் செய்ய வேண்டியது, அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பது மட்டுமே.

அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வழிகளை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். 1898-இல் தொடங்கப்பட்டு, 1909-க்கும் 1914-க்கும் இடையில் பகுதி பகுதியாக முதன்முறை அச்சேறிய அந்தத் தலைப்புத் தொகுதியே இன்று பல நாடுகளின் பல்கலைக்கழக நூலகங்களில் புழங்குகிறது. நம் நாட்டு நூலகவியல் வகுப்புகளில், 1923-இல் மின்னி ஏர்ல் சியர்ஸ் சிறிய நூலகங்களுக்காகத் தொகுத்த சுருக்கமான தலைப்புத் தொகுதியும் கற்பிக்கப்படுகிறது. இரண்டின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒன்றைப் பார்க்கப் பழகியவருக்கு மற்றதும் எளிதாகும்.

தமிழ் வாசகருக்கு இதில் தனிப்பட்ட பயன் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480-இன்படி இந்தியா வாங்கிய தானியத்துக்கு ரூபாயில் செலுத்திய தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. அதனால் அங்குள்ள பெரிய நூலகங்கள் பலவற்றில் தமிழ் நூல்கள் ஏராளமாகச் சேர்ந்துள்ளன. ஆனால் அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், ழ, ற, ன ஆகியவற்றுக்கு அடிக்கோடும் ளகரத்துக்கு அடிப்புள்ளியும் இட்ட ஒலிபெயர்ப்பில் பதியப்பட்டுள்ளன. குறுந்தொகையை நாம் ஆங்கிலத்தில் எழுதும் விதம் வேறு, அந்தப் பட்டியல் எழுதும் விதம் வேறு. பொருள் தலைப்பு வழியாகச் சென்றால் இந்த எழுத்துச் சிக்கலுக்குள் நுழையவே வேண்டியதில்லை. தலைப்பைத் திறந்து, மொழி என்ற வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், ஒலிபெயர்ப்பு எப்படி இருந்தாலும் நூல்கள் வரிசையாக வந்து நிற்கும்.

தேடுவதும் பார்வையிடுவதும்

பெரும்பாலான கணினிப் பட்டியல்களில் இரண்டு வாயில்கள் இருக்கும். ஒன்று தேடல், மற்றது ‘பிரவுஸ்’ என்ற பெயரில் இருக்கும் பார்வையிடல். சில பட்டியல்களில் பின்னது மேம்பட்ட தேடல் பக்கத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும். அங்கே சென்று, பொருள் அல்லது ‘சப்ஜெக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேடல், நாம் கொடுத்த சொல் பதிவில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்து நூல்களைத் தருகிறது. இல்லையென்றால் வெறும் பக்கத்தைக் காட்டுகிறது. பார்வையிடல் அப்படியன்று. அது நூல்களைத் தராமல் தலைப்புகளின் அகர வரிசையைத் திறந்து, நாம் தட்டிய எழுத்துகள் அந்த வரிசையில் எங்கே விழுமோ அந்த இடத்தில் நம்மைக் கொண்டு நிறுத்துகிறது. சரியான தலைப்பு இல்லாவிட்டாலும் அதன் அக்கம்பக்கத்துத் தலைப்புகள் தெரியும். பழைய அட்டைப் பட்டியலின் இழுப்பறையை இழுத்து, விரலால் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஒன்றைத் தேடப் போய் அதன் பக்கத்தில் இருந்த இன்னொன்றைக் கண்டெடுத்த அனுபவம் அவர்களில் பலருக்கும் இருக்கும்.

வரிசை இடமிருந்து தொடங்குவதால், தலைப்பின் முதற்சொல்லைச் சரியாகத் தட்டுவது இன்றியமையாதது. முழுத் தலைப்பையும் தட்டாமல், முதல் ஐந்தாறு எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டு, பிறகு முன்னும் பின்னும் ஓரிரு பக்கம் புரட்டிப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ஓர் எண் தெரியும். அது அத்தலைப்பின்கீழ் அந்த நூலகத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கை.

தெரிந்த நூலிலிருந்து தொடங்குதல்

சரியான தலைப்பு எது என்று தெரியாத நிலையில் வரிசைக்குள் நேரடியாக நுழைவதைவிட, அந்தப் பொருளில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நல்ல நூலைப் பெயரால் தேடி எடுப்பதே உறுதியான வழி. அதன் முழுப் பதிவைத் திறந்தால், ஆசிரியர், பதிப்பு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கீழே பொருள் தலைப்புகள் இணைப்புகளாகக் காட்டப்பட்டிருக்கும். பட்டியலிட்டவர் அந்த நூலை எந்தச் சொற்களால் அழைத்திருக்கிறார் என்பது அங்கே வெளிப்படும். பின்பு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு பார்வையிடலுக்கு வர வேண்டும். இணைப்பை நேராக அழுத்தினால் அதே தலைப்புள்ள நூல்கள் மட்டுமே வரும்; பார்வையிடலுக்கு வந்தால்தான் அதன் உட்பிரிவுகளும் அண்டைத் தலைப்புகளும் தெரியவரும். ஒரு நூலோடு நின்றுவிடாமல் மூன்று நான்கு நூல்களின் பதிவுகளைத் திறந்து ஒப்பிடுவது நன்று, ஏனெனில் ஒரே பொருளுக்கு அடுத்தடுத்த இரண்டு தலைப்புகள் இருப்பதும், பட்டியலிட்டவர்கள் ஒருவர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் இட்டிருப்பதும் அரிதன்று.

பதிவின் எளிய காட்சியில் தலைப்புகள் சரியாகத் தெரியாவிட்டால், கோஹா போன்ற நூலக மென்பொருள்களில், பதிவின் ஒவ்வொரு வரியையும் அதற்குரிய எண்ணோடு காட்டும் ‘மார்க்’ காட்சி என்ற ஒன்று உண்டு. அதில் 6-இல் தொடங்கும் வரிகளைப் பார்க்க வேண்டும். 600 என்பது நூல் யாரைப் பற்றியதோ அந்த மனிதரின் பெயர், 610 அமைப்பின் பெயர், 650 பொருள், 651 இடம். இந்த நான்கு எண்களை நினைவில் வைத்திருந்தால், எந்த நாட்டுப் பட்டியலாக இருந்தாலும், அதன் திரை எந்த மொழியில் இருந்தாலும், நூல் எதைப் பற்றியது என்று அறிந்துகொள்ளலாம்.

தலைப்பு கட்டப்பட்டிருக்கும் விதம்

ஒரு தலைப்பு வெறும் ஒரு சொல்லாகவும் இருக்கலாம். இரட்டைக் கோடுகளால் பிரிக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகவும் இருக்கலாம். ‘இரிகேஷன்--இந்தியா--தமிழ்நாடு--ஹிஸ்டரி’ என்பதில் முதலில் பொருள், அடுத்து இடம், அதற்கடுத்து அப்பொருளை அணுகும் கோணம் என்ற வரிசை இருக்கிறது. காலத்தைக் குறிக்கும் உட்பிரிவும் உண்டு. சங்க இலக்கிய ஆய்வுகளைத் தேடுபவர் ‘டமில் பொயட்ரி’ என்று தொடங்கி, ‘டு 1500’ என்ற காலப் பிரிவைக் கடந்து, ‘ஹிஸ்டரி அண்ட் கிரிட்டிசிசம்’ என்ற உட்பிரிவுக்கு வர வேண்டும். அந்தக் கடைசித் தொடர் இல்லாமல் ‘டமில் பொயட்ரி’ என்று மட்டும் நிற்கும் தலைப்பின்கீழ் பெரும்பாலும் கவிதைத் தொகுப்புகளே இருக்கும். கவிதையைப் பற்றிய ஆய்வுகள் அதன்கீழ் வாரா. இந்த வேறுபாட்டை அறியாமல் முதல் தலைப்போடு திரும்பிவிடும் மாணவர்கள், நூலகத்தில் ஆய்வு நூலே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள்.

சில தலைப்புகள் முறைமாற்றி எழுதப்பட்டிருக்கும். சித்த மருத்துவத்துக்கு ‘மெடிசின், சித்தா’ என்றும், ஆயுர்வேதத்துக்கு ‘மெடிசின், ஆயுர்வேதிக்’ என்றும் மருத்துவம் என்ற சொல்லே முன்னே நிற்கும். இந்திய மெய்யியலுக்கு ‘ஃபிலாசஃபி, இண்டிக்’. ‘சித்தா’ என்று தொடங்கிப் பார்வையிட்டு ஒன்றும் கிடைக்காதவர், பொதுச் சொல்லை முன்னே போட்டு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடைப்புக்குறியும் கவனத்துக்குரியது. தமிழ் மொழிக்கு ஒரு தலைப்பு, தமிழ் இலக்கியத்துக்கு ஒரு தலைப்பு என்று இருக்க, தமிழ் மக்களைப் பற்றிய நூல்களுக்கு ‘டமில்’ என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘இண்டிக் பீப்பிள்’ என்று எழுதப்பட்ட தலைப்பு இருக்கிறது. ஒரே சொல் பல பொருள் தரும்போது எது என்று காட்டுவதே அந்த அடைப்புக்குறியின் வேலை. முதலில் சொன்ன எடுத்துக்காட்டுக்கே திரும்பினால், நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்பது ஏரி, குளம், கண்மாய் எல்லாவற்றையும் குறிக்கும். காங்கிரஸ் நூலகத்தின் வரிசையிலோ ‘டாங்க்ஸ்’ என்பது எண்ணெயும் நீரும் சேமித்து வைக்கும் கொள்கலன். அடைப்புக்குறிக்குள் ராணுவ அறிவியல் என்று குறித்த ‘டாங்க்ஸ்’ போர்க்கள ஊர்தி. இரண்டின்கீழும் நம் ஏரி இல்லை. பாசனம் என்ற பொருள்படும் ‘இரிகேஷன்’ வழியாகவே உள்ளே செல்ல வேண்டும்.

காண்க, மேலும் காண்க

பார்வையிடலின் உயிர்நாடி இந்த இரண்டு குறிப்புகள்தாம். நீங்கள் தட்டிய சொல் ஏற்கப்பட்ட தலைப்பாக இல்லாதபோது, எந்தச் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதைக் ‘காண்க’ என்ற குறிப்பு சொல்கிறது. நீங்கள் நிற்கும் தலைப்பு சரியானதே என்றாலும் அதைவிட விரிந்ததும், குறுகியதும், தொடர்புடையதுமான வேறு தலைப்புகள் எவை என்பதை ‘மேலும் காண்க’ சொல்கிறது. 1988-இல் வெளியான பதினோராம் பதிப்பிலிருந்து காங்கிரஸ் நூலகத் தொகுதி இந்த உறவுகளை பிடி, என்டி, ஆர்டி என்ற ஈரெழுத்துக் குறிகளால் காட்டுகிறது: முதலாவது விரிந்தது, இரண்டாவது குறுகியது, மூன்றாவது தொடர்புடையது. யுஎஃப் என்ற குறிக்கு எதிரே உள்ளவை, ஏற்கப்படாமல் ஒதுக்கப்பட்ட மாற்றுச் சொற்கள்.

குறுகிய தலைப்புகளைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். காரணம், பட்டியலிடுவோர் பின்பற்றும் அடிப்படை விதி ஒன்று. 1876-இல் அமெரிக்க நூலகர் சார்லஸ் அம்மி கட்டர் வகுத்த விதிகளில், பூனையைப் பற்றிய நூலைப் பூனை என்ற தலைப்பின்கீழ்தான் வைக்க வேண்டும், விலங்கியல் என்பதன்கீழ் வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நூலின் பொருள் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு குறுகிய தலைப்பே அதற்கு இடப்படும். விரிந்த தலைப்பு கூடவே இடப்படுவதில்லை. ஆகவே ‘இரிகேஷன்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு, பாசனக் கால்வாய்களைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட நூல் அகப்படாது. அது கால்வாய்களுக்குரிய தனித் தலைப்பின்கீழ் இருக்கிறது. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைப் பற்றிய நூல், இந்துக் கோயில்கள் என்ற பொதுத் தலைப்பில் இருப்பதைவிட அக்கோயிலின் பெயரிலேயே இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எல்லா நூலகப் பட்டியல்களும் இந்தக் குறிப்புகளை வாசகருக்குக் காட்டுவதில்லை. தலைப்புகளை வாங்கிப் பதிந்துவிட்டு, உறவுக் குறிப்புகளை ஏற்றாமல் விட்டுவிடும் வழக்கம் உண்டு. அந்த நிலையில், காங்கிரஸ் நூலகம் 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஐடி.எல்ஓசி.ஜிஓவி என்ற இணையதளத்துக்குச் சென்று, அங்கே தலைப்பின் முழுக் குறிப்பையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொண்டு, சரியான சொல்லோடு உங்கள் நூலகப் பட்டியலுக்குத் திரும்பலாம்.

இடப்பெயரில் நேரும் தவறுகள்

நம் ஊர்களைப் பற்றித் தேடுபவர்கள் மிகுதியாகத் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பொருளுக்குப் பின் இடம் வரும்போது, முதலில் நாடும் அடுத்து உள்ளூரும் என்று இரண்டு படிகள் மட்டுமே இடம்பெறும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்றவை விலக்கு. இந்தியாவைப் பொறுத்தவரை மாநிலம் இடையில் வருவதில்லை. அதாவது தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்ட நூல் ‘இந்தியா--தமிழ்நாடு’ என்ற உட்பிரிவிலும், மதுரைக் கோயில்களைப் பற்றிய நூல் ‘இந்தியா--மதுரை’ என்ற உட்பிரிவிலும் இருக்கும். மதுரையும் தமிழ்நாடும் இந்த வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை அல்ல. இரண்டும் பக்கத்துப் பக்கத்து உடன்பிறப்புகள். தமிழ்நாடு என்ற உட்பிரிவைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைக்கும் ஆய்வாளர், ஊர்வாரியாக எழுதப்பட்ட நூல்கள் அனைத்தையும் இழக்கிறார். ஆகையால் ‘இந்தியா--’ என்பதில் தொடங்கி, அதன்கீழ் வரும் ஊர்ப்பெயர்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கலாம். ஆனால் வேறு எந்தத் தேடலும் தராத நூல்களை அது தரும்.

பெயர் மாறிய இடங்களுக்கு, பொருள் தலைப்பில் இன்றைய பெயரே பயன்படுகிறது. 1930-களில் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூலின் அட்டையில் சிலோன் என்றுதான் இருக்கும். ஆனால் 1972-க்குப் பின் வந்த பெயரான ஸ்ரீலங்கா என்பதே அதன் பொருள் தலைப்பு. 1996-க்கு முன் வந்த நூல்களின் அட்டையில் உள்ள மெட்ராசும் சென்னை என்ற பெயரில்தான் கிடைக்கும். தேடல் பெட்டியில் நூற்பெயரைத் தேடும்போது பழைய பெயரையும், பொருள் வரிசையைப் பார்வையிடும்போது புதிய பெயரையும் பயன்படுத்த வேண்டும் என்று நினைவில் கொள்ளலாம்.

‘இண்டியன்’ என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். அந்தத் தொகுதி அமெரிக்காவில் பிறந்தது. அங்கே நெடுங்காலமாக ‘இண்டியன்ஸ்’ என்றால் அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகள். எனவே இந்தியாவைச் சார்ந்தவற்றுக்கு ‘இண்டிக்’ என்ற அடைமொழி இடப்பட்டது. மலேசியா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்ற நம்மவர்களைப் பற்றிய நூல்கள் ‘ஈஸ்ட் இண்டியன்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் சேர்ந்தன. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வரலாற்றைத் தேடும் ஒருவர் இந்தச் சொல்லை ஒருபோதும் தாமாக நினைத்திருக்க மாட்டார். அந்த மக்கள் தம்மை இப்படி அழைத்துக்கொண்டவர்கள் அல்லர் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் நூல்களை அடைவதற்கு அந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது தவிர வேறு வழி இல்லை.

பழைய சொற்கள்

தலைப்புகள் காலத்துக்கேற்ப மாற்றப்படுகின்றன. சமையலுக்கு நீண்ட நாள் இருந்த ‘குக்கரி’ என்ற தலைப்பு 2010-இல் ‘குக்கிங்’ என்று மாறியது. இந்தியச் சமையல் நூல்கள் இன்று ‘குக்கிங், இண்டிக்’ என்பதில் உள்ளன. ஆனால் காங்கிரஸ் நூலகம் மாற்றியவுடன் எல்லா நூலகங்களும் தம் பழைய பதிவுகளைத் திருத்திவிடுவதில்லை. 2010-க்கு முன் பதிந்த நூல்கள் பழைய தலைப்பிலும், பின் பதிந்தவை புதிய தலைப்பிலும் பிரிந்து கிடக்கும் பட்டியல்களைக் காணலாம். ஒரு தலைப்பின்கீழ் உள்ள நூல்கள் எல்லாம் ஓர் ஆண்டுக்குப் பின் வந்தவையாகவே இருந்தால், அதற்கு முற்பட்டவை வேறு பெயரில் இருக்கின்றன என்று ஐயுற வேண்டும். ஒதுக்கப்பட்ட சொற்களைக் காட்டும் யுஎஃப் வரி இங்கேயும் உதவும். பழைய தலைப்பு பெரும்பாலும் அந்த வரியில் இருக்கும்.

ஆய்வாளருக்குப் பயன்படும் உட்பிரிவுகளில் இரண்டை மட்டும் தனியே குறிப்பிடுகிறேன். ‘சோர்சஸ்’ என்ற உட்பிரிவு மூல ஆவணங்களின் தொகுப்புகளைக் காட்டும். ‘பிப்ளியாகிரஃபி’ அப்பொருளைப் பற்றிய நூல்விவரத் தொகுப்புகளைக் காட்டும். ஒரு தலைப்புக்குள் நுழைந்தவுடன் இவ்விரண்டையும் தேடிப் பார்ப்பது பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். அடுத்து, மனிதர்களைப் பற்றித் தேடும்போது ஆசிரியர் வரிசையும் பொருள் வரிசையும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் எழுதியவை ஆசிரியர் வரிசையிலும், அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை பொருள் வரிசையிலும் இருக்கும். இரண்டிலும் தலைப்பின் வடிவம் ஒன்றே: பெயர் முன்னே, அடுத்து தலைப்பெழுத்துகள், பிறந்த இறந்த ஆண்டுகளாக 1892-1972.

தமிழில் தலைப்பிட்ட பட்டியல்கள்

நம் நூலகங்களில் தமிழ் நூல்களுக்குத் தமிழிலேயே பொருள் தலைப்பு இடப்பட்டிருக்கும் பட்டியல்களில் வேறு வகையான கவனம் தேவை. எல்லா நூலகங்களும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் நிலை இங்கே இன்னும் உருவாகவில்லை. ஒரே துறைக்கு ஓரிடத்தில் நாட்டுப்புறவியல் என்றும், வேறிடத்தில் நாட்டார் வழக்காற்றியல் என்றும், இன்னோரிடத்தில் வாய்மொழி இலக்கியம் என்றும் இருக்கலாம்; ஒரே பட்டியலிலேயே மூன்றும் இருப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபோக்லோர்’ என்ற ஒரு சொல்லில் சேர்வது தமிழில் மூன்றாகச் சிதறுகிறது. ஆகவே தமிழ்ப் பட்டியலைப் பார்வையிடும் முன், உங்கள் பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை. வடசொல் வடிவம், தனித்தமிழ் வடிவம், கிரந்த எழுத்துள்ள வடிவம், இல்லாத வடிவம் எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். சரித்திரம், வரலாறு, சோதிடம், ஜோதிடம், பத்திரிகை, இதழியல் என்று இணை இணையாக எழுதிக்கொள்ளலாம். சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும்கூட வரிசையை மாற்றிவிடும்: ‘தமிழ் இலக்கியம்’ ஓரிடத்திலும், ‘தமிழிலக்கியம்’ பல பக்கங்கள் தள்ளி வேறோரிடத்திலும் நிற்கும்.

அகர வரிசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் அகராதிகளில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும். ழ, ள, ற, ன ஆகியவை கடைசியில் வரும். ஆனால் மென்பொருள் ஒருங்குறியின் எண் வரிசையை அப்படியே பின்பற்றி அடுக்கினால், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வந்துவிடும். புள்ளி பெற்ற மெய்யோ உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும். அகராதியில் அமைதி, அறம், அன்பு என்று வர வேண்டியவை, அத்தகைய பட்டியலில் அன்பு, அமைதி, அறம் என்று வரும். அகராதியில் அபிராமிக்கு முன்னே நிற்கும் அப்பர், அங்கே அவளுக்குப் பின்னே நிற்பார். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், அது பட்டியலிலேயே இல்லை என்று முடிவுகட்டாமல், இந்த மாறிய வரிசையை நினைத்துக்கொண்டு இன்னோர் இடத்திலும் பார்க்க வேண்டும். தமிழ் வரிசையைச் சரியாக அடுக்கும் வழிகள் கணினியில் இல்லாமல் இல்லை. நூலகங்கள் தம் மென்பொருளில் அதை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கேட்பது வாசகரின் உரிமை.

தலைப்பிலிருந்து அலமாரிக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன், பொருள் தலைப்புகளைத் தனியே ஒரு தொகுதியிலிருந்து எடுப்பதற்கு மாறாக, நூலை அலமாரியில் அடுக்குவதற்காக அதன் பொருளுக்கேற்ப இடப்படும் பகுப்பெண்ணிலிருந்தே வருவிக்கலாம் என்று காட்டினார். பகுப்பெண்ணின் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படிக்கும் ஒரு தலைப்பை எழுதும் அம்முறைக்குச் சங்கிலி முறை என்று பெயர். பிரிட்டிஷ் தேசிய நூல்விவரப் பட்டியல் 1950 முதல் இருபது ஆண்டுகள் அம்முறையைப் பின்பற்றியது. நம் மண்ணில் பிறந்த அந்தச் சிந்தனை, கணினி முன் அமர்ந்திருக்கும் இன்றைய வாசகருக்கும் கைகொடுக்கும். பல நூலகங்களில் வழங்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ்நாட்டு வரலாற்று நூலின் எண் 954.82 என்று பார்த்தீர்களானால், கடைசி இலக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகலாம். 954 என்ற எண்ணில் இந்தியா, 950-இல் ஆசியா, 900-இல் வரலாறு என்று விரிந்துகொண்டே போகும் படிகள் தெரியும். குறுகிய தலைப்பில் நூல் கிடைக்காதபோது எந்தத் தலைப்புக்கு ஏற வேண்டும் என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது.

அதே வேளையில், அலமாரியை மட்டும் நம்பினால் நூல்கள் தவறிவிடும். பாசனத்தைப் பற்றிய நூல்கள் வேளாண்மைக் கோணத்தில் எழுதப்பட்டிருந்தால் 631.587 என்ற எண்ணிலும், பொறியியல் கோணத்தில் எழுதப்பட்டிருந்தால் 627.52 என்ற எண்ணிலும், நீர்வளப் பொருளியல் கோணத்தில் எழுதப்பட்டிருந்தால் 333.913 என்ற எண்ணிலும் வைக்கப்படுகின்றன. மூன்றும் மூன்று வேறு அலமாரிகள், பெரிய நூலகமாக இருந்தால் மூன்று வேறு தளங்கள். இவை மூன்றும் ஒன்றாகச் சேர்வது பொருள் தலைப்பு வரிசையில் மட்டுமே. ஆகையால் முதலில் தலைப்பைப் பார்வையிட்டு, அதன்கீழ் வரும் நூல்களின் பகுப்பெண்களைக் குறித்துக்கொண்டு, அவை எந்தெந்த இடங்களில் குவிகின்றன என்று அறிந்த பின்னரே அலமாரிகளுக்குச் செல்ல வேண்டும். தலைப்பைக் குறிக்கும்போது கோடுகள், காற்புள்ளிகள், அடைப்புக்குறிகள் எதையும் விடாமல் உள்ளபடியே எழுதிக்கொண்டால், வேறொரு நூலகத்தின் பட்டியலிலும் அதையே தட்டித் தொடரலாம்.

பொருள் தலைப்பால் எட்ட முடியாதவையும் உண்டு. காங்கிரஸ் நூலகத்தின் விதிப்படி, ஒரு நூலில் குறைந்தது 20 விழுக்காடு இடம்பெறும் பொருளுக்கே தலைப்பு இடப்படுகிறது. நானூறு பக்க நூலில் ஏரிகளைப் பற்றி நாற்பது பக்க இயல் ஒன்று இருந்தால், அந்நூலின் பதிவில் பாசனம் என்ற தலைப்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அத்தகைய நூல்களை அடைய, ஒரு படி மேலேறி, தமிழ்நாட்டு வேளாண்மை வரலாறு, சோழர் கால நிலவுடைமை, சென்னை மாகாணப் பொருளாதாரம் போன்ற விரிந்த தலைப்புகளின்கீழ் உள்ள நூல்களைக் கையில் எடுத்துப் பொருளடக்கத்தையும், நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவையும் பார்க்க வேண்டும். பட்டியலிட்டவரின் சொல் அங்கே முடிந்து, ஆசிரியரின் சொல் தொடங்குகிறது. ஆகவே முதலில் தேடல் பெட்டியில் தட்டிப் பயனில்லாமல் போன ஏரி, கண்மாய், மதகு, குடிமராமத்து ஆகிய சொற்களை எல்லாம் அந்தச் சொல்லடைவில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம்.